சிறுநீரகம் கெட்டது எதனால்?

"சிறுநீரகம் கெட்டுவிட்டது" என்று டாக்டர் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்கள் உடனே என்ன கேட்கிறார்கள்?

"பிழைப்பாரா?" என்கிறார்கள். அடுத்து, "எவ்வளவு செலவாகும்?" என்கிறார்கள்.

"எதனால் கெட்டது?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அதற்கு விடை தெரியாமல் மற்ற இரண்டுக்கும் சரியான பதில் கிடையாது.

சிறுநீரகம் ஒரு சல்லடை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ரத்தத்தில் சேரும் கழிவை அவை பிரித்து, சிறுநீராக வெளியேற்றுகின்றன. வடிகட்டி பழுதானால் கழிவு ரத்தத்திலேயே தங்கும். 'கிரியேட்டினின்' என்ற பொருளின் அளவு கூடும். பரிசோதனைச் சீட்டில் எல்லோரும் தேடுவது அந்த எண்ணைத்தான்.

இரண்டு பேருக்கு அந்த எண் ஒன்றாகவே இருக்கலாம். இருவரின் கதியும் ஒன்றல்ல!

சர்க்கரையும் நீர்க்கட்டியும்

ஒருவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை, சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களை மட்டும் கெடுப்பதில்லை. கண்ணையும் காலையும் இருதயத்தையும் சேர்த்தே கெடுக்கிறது. இப்படிப்பட்டவர்களில் பலர், டயாலிசிஸ் என்ற ரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலை வருவதற்கு முன்பே மாரடைப்பால் இறக்கிறார்கள். எந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். கெட்டுப்போன இருதயக் குழாயை அது சரி செய்யாது.

இன்னொருவருக்குப் பரம்பரையாக வந்த நீர்க்கட்டி நோய். இரண்டு சிறுநீரகங்களிலும் சிறு சிறு நீர்க்கட்டிகள் தோன்றி, பல வருடங்களில் மெல்ல மெல்லப் பெருகும். ரத்தக் கொதிப்பு இவருக்கும் வரும். ஆனாலும் சர்க்கரை செய்யும் அழிவு இவர் உடம்பில் இல்லை. அதனால்தான், அதே எந்திரத்தில் சிகிச்சை பெறும்போது, சராசரியாகப் பார்த்தால் நீர்க்கட்டி நோயாளி அதிக காலம் வாழ்கிறார்.

சிறுநீர் போகும் பாதையில் கல் அடைத்துக் கெட்டதென்றால் கதை வேறு. அடைப்பைக் காலத்தில் நீக்கினால், போன சக்தி ஓரளவு திரும்பவும் கூடும்.

காரணம் மாறினால் மருந்தும் மாறும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய்கள் சிலவற்றுக்கு 'ஸ்டீராய்டு' மருந்து உயிர் காக்கும். சர்க்கரையால் கெட்ட சிறுநீரகத்தை அது சீராக்காது, சர்க்கரையைத்தான் ஏற்றிவிடும். 'டாபாகிளிஃப்ளோசின்' என்ற மாத்திரை, சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் இரு சாராருக்கும் சிறுநீரகம் கெடுவதைக் குறைக்கிறது என்று 2020-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. அந்த ஆராய்ச்சியில் நீர்க்கட்டி நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை என்று வாங்கி விழுங்குவது எவ்வளவு ஆபத்து!

காரணம் தெரியாதவர்கள்

இந்தியாவில் 52,273 சிறுநீரக நோயாளிகளைப் பற்றிய கணக்கு ஒன்று 2012-ல் வெளியானது. 100-க்கு 31 பேருக்குச் சர்க்கரை வியாதியே காரணம். 100-க்கு 16 பேருக்குக் காரணமே தெரியவில்லை!

ஏன் தெரியவில்லை? நோய் முற்றிய பிறகு வருவது ஒரு முக்கிய காரணம். அதற்குள் சிறுநீரகம் சுருங்கிவிடும். அப்போது சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தாலும் பெரும்பாலும் வெறும் தழும்புதான் தெரியும்.

வேறு சிலரோ உண்மையிலேயே புதிர். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்திலும் வயலில் பாடுபடும் விவசாயிகள் பலருக்குச் சிறுநீரகம் கெடுகிறது. சர்க்கரை இல்லை. ஆரம்பத்தில் ரத்தக் கொதிப்பும் இல்லை. வெயிலா, தண்ணீரா, பூச்சிமருந்தா என்ற விவாதம் ஓயவில்லை. இந்த நோயில் சிறுநீரில் புரதம் அதிகம் போவதில்லை. ஆகையால் சிறுநீரை மட்டும் சோதித்தால் நோய் தப்பிவிடும். ரத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

கொடுப்பவருக்கும் தெரிய வேண்டும்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

பரம்பரை நீர்க்கட்டி நோய் உள்ளவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. தம்பி அன்போடு சிறுநீரகம் கொடுக்க வருகிறார். அவருக்கும் அதே நோய் ஒளிந்திருக்கலாம். இளம் வயதில் சாதாரண ஸ்கேனில் அது தெரியாமல் போவதும் உண்டு.

வடிகட்டியில் தழும்பு விழும் ஒருவகை நோய், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் புதுச் சிறுநீரகத்திலும் திரும்ப வருகிறது. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். மனைவி கொடுக்கிறாள், தாய் கொடுக்கிறாள். எந்த நோய்க்காகக் கொடுக்கிறோம், அது திரும்புமா என்பதை அவளிடம் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்குவது நியாயமல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், சிறுநீரகம் எதனால் கெட்டது என்று தமிழில் ஒரு வரி எழுதித் தரவேண்டும். தெரியாவிட்டால், "காரணம் தெரியவில்லை" என்றே எழுதட்டும். அந்த ஒரு வரியைப் பார்த்தால்தான், கூடப்பிறந்தவர்கள் யார் யார் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.