ஆன்டெனா இருக்கிறது, அலை எங்கே?

2019 ஆம் ஆண்டுக் கோடை. தில்லியில் நான் குடியிருந்த வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், பீகாரின் தர்பங்காவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் ஒன்று வசித்தது. கணவர் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுபவர். மனைவி வீட்டிலிருந்தபடியே உருப்படிக் கணக்கில் துணி தைப்பவர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை அந்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. கட்டண அலைவரிசை ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்காத வீட்டிடமிருந்தும், இணைப்புக்கென்று மட்டும் மாதம் 130 ரூபாய் வரை அப்போது வாங்க முடிந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 153 ரூபாய். விருப்பமான அலைவரிசைகளுக்கு விலை தனி. இரண்டு மாதம் பணம் கட்டத் தவறியதும் அவர்களுடைய கேபிள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த நேரம் அது. "அங்கிள், இந்தக் கம்பியில் இனிமேல் ஒன்றுமே வராதா?" என்று, சுவரில் தொங்கிய கேபிளைக் காட்டி அவர்களுடைய பதின்மூன்று வயது மகன் கேட்டான்.

மொழிபெயர்ப்பு என் தொழில்; மின்னணுவியல் நான் முறையாகக் கற்றதன்று. ஆயினும், ஒளிபரப்புக் கொள்கை தொடர்பான அறிக்கைகளைத் தமிழாக்கம் செய்துவந்த பழக்கத்தால் ஒரு செய்தி எனக்குத் தெரிந்திருந்தது. 2016 பிப்ரவரியிலேயே தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. கேபிளும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். ஒரு ஆன்டெனா போதும். அந்த வீட்டாருக்கு இது தெரியாது. எங்கள் தெருவில் நான் விசாரித்தவரையில் வேறு எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மக்கள் பணத்தில் நிறுவப்பட்ட ஒரு வசதி, மக்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் தலைக்கு மேல் இயங்கிக்கொண்டிருந்தது.

கம்பியும் கோழிவலையும்

ஆன்டெனாவை நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம். அதற்கு வேண்டிய கணக்கு, பள்ளி மாணவன் போடக்கூடிய ஒரு வகுத்தல்தான். ஒளியின் வேகத்தில் பயணம் செய்யும் வானலையின் நீளத்தை அறிய, 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவெண்ணால் வகுக்க வேண்டும். விடை மீட்டரில் கிடைக்கும். 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 60 சென்டிமீட்டர். அதில் பாதி 30. உலோகக் கம்பியில் அலை சற்றே குறுகுவதால், இரு துண்டுகளும் சேர்ந்து 28 சென்டிமீட்டர் இருந்தால் அந்த அலை கம்பியில் நன்கு ஒத்திசையும். ஆக, பதினான்கு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு செம்புக் கம்பிகள்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய தடித்த எர்த் கம்பியை நறுக்கினோம். மாம்பழப் பெட்டியிலிருந்து கழற்றிய பலகையில், நடுவே ஒரு விரலகலம் இடைவெளி விட்டு, இரு துண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் பொருத்தினோம். ஒளிபரப்பு நிறுவனத்தார் விட்டுச்சென்ற கேபிளின் மிச்சம் சுவரில் தொங்கியதல்லவா? அதன் நடுக்கம்பியை ஒரு துண்டுடனும், மேற்பின்னலை மறு துண்டுடனும் இணைத்தோம். பின்புறம் ஒரு சாண் தள்ளி, ஹார்டுவேர் கடையில் வாங்கிய கோழிவலையைச் சட்டமடித்து நிறுத்தினோம். வலையின் கண்கள் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியவை. ஆகையால் அந்த அலைக்கு அது ஓட்டையில்லாத சுவர். முன்னே தப்பிச் செல்லும் அலையைத் திருப்பிக் கம்பியின்மீது சேர்ப்பது அதன் வேலை. அவர்களிடம் இருந்தது பழைய பெட்டி. எனவே டிஜிட்டல் அலையை ஏற்கும் சிறு பெட்டி ஒன்றை லஜ்பத்ராய் மார்க்கெட்டில் வாங்கினோம். ஐந்தாறு மாதக் கேபிள் கட்டணத்துக்கு ஈடான அந்த விலைதான் மொத்தச் செலவில் பெரும்பகுதி. ஆன்டெனாவுக்கான செலவு வலைக்கும் ஆணிக்கும் ஆனது மட்டுமே. மின்கம்பிகளுக்கு எட்டாத மூலையாகப் பார்த்து மாடியில் அதை நிறுத்தினோம்.

பையன் பலகையை மெல்லத் திருப்பியபடி மேலிருந்து "ஆயா?" என்று கத்துவான். "நஹீ ஆயா" என்று தாய் கீழிருந்து குரல் கொடுப்பார். வந்ததா, வரவில்லை என்று பொருள். பழைய ஒளிபரப்பில் புள்ளிகளுக்கு நடுவே உருவமாவது தெரியும். டிஜிட்டலில் வந்தால் முழுமையாக வரும். இல்லையேல் திரை இருண்டே கிடக்கும். அரைமணி நேரத்துக்குப் பின் "ஆகயா!" என்ற கூவல் கேட்டது. ஐந்து அலைவரிசைகள், துல்லியமான படத்துடன் வந்தன. அன்றிலிருந்து எந்த முகவரும் மாதக் கடைசியில் அவர்கள் கதவைத் தட்டவில்லை.

கம்பிவலையால் தொடங்கிய வரலாறு

அந்தக் கோழிவலைக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் பரிசோதனையாகத் தொடங்கிய தொலைக்காட்சி, பல ஆண்டுகள் தலைநகரைத் தாண்டவில்லை. மும்பைக்கு 1972இலும், சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் 1975இலும்தான் அது வந்தது. ஆனால் அதே 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டுக் காலம், ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாகக் கல்வி, வேளாண்மை நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. 'சைட்' என்று அறியப்படும் அத்திட்டத்தில், ஊர்ப் பொதுவிடங்களில் நிறுவப்பட்டவை மூன்று மீட்டர் அகலமுள்ள கோழிவலைக் கிண்ணங்கள். விலையுயர்ந்த இறக்குமதிக் கருவிகளை நம்பியிராமல், நம் விஞ்ஞானிகள் எளிய கம்பிவலையைக் கொண்டே விண்ணின் அலையைப் பிடித்தனர். அதே காலத்தில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்னும் ஊரில் நிறுவப்பட்ட ஒரேயொரு கிலோவாட் கோபுரம், அவ்வட்டார மக்களின் பேச்சுமொழியில், அவர்களுடைய சிக்கல்களைப் பற்றிய நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது.

1984இல் நாளொன்றுக்கு ஒரு கோபுரம் என்ற வேகத்தில் தரைவழி ஒளிபரப்பு விரிந்தது. காலப்போக்கில் ஏறத்தாழ 1,400 கோபுரங்கள் எழுந்தன. மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேரை எட்டக்கூடிய இந்த வலையமைப்பு, நிலமும் கட்டடமும் கோபுரமும் உட்பட, முழுவதும் பொதுத்துறையால் உருவாக்கப்பட்டதாகும்.

பூட்டின் விலை

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இரண்டு சொற்களைக் குறித்து இங்கே சொல்ல வேண்டும். 1995 பிப்ரவரி 9 அன்று உச்சநீதிமன்றம், வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வானலைகள் பொதுச் சொத்து என்பதும், அவற்றின்மீது அரசின் ஏகபோகம் கூடாது என்பதும், பொதுநலன் கருதி ஒரு சுயேச்சையான பொது அமைப்பு அவற்றை முறைப்படுத்த வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். பின்னர் 2ஜி விவகாரத்தின்போது 'அலைக்கற்றை' என்ற சொல் தமிழில் ஊரெங்கும் பரவியது. ஏலம், ஒதுக்கீடு, விலை ஆகிய சொற்களோடு சேர்ந்தே அது நம் காதில் விழுந்தது. குறிக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 'வானலை' என்னும்போது காற்றையும் வெளிச்சத்தையும் போன்ற பொதுவுடைமையாகத் தோன்றுவது, 'அலைக்கற்றை' என்னும்போது கட்டிவைத்து விற்கும் சரக்காகிவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் நம் ஒளிபரப்புக் கொள்கை நடந்துவந்த பாதையும் இதுவே.

ஒரு கோபுரம் அலையை வெளியிட்டபின், அதை நூறு பேர் ஏற்றாலும் பத்து லட்சம் பேர் ஏற்றாலும் செலவு ஒன்றுதான். என் வீட்டு ஆன்டெனா ஏற்பதால் பக்கத்து வீட்டுக்குக் குறைவதில்லை. இத்தகைய ஒன்றை இயல்பான நிலையில் விற்க இயலாது; விற்க வேண்டுமானால் முதலில் அதற்குப் பூட்டுப் போட வேண்டும். சங்கேதக் குறியாக்கம், அட்டை, கடவுச்சொல், மாதச் சந்தா யாவும் அந்தப் பூட்டின் உறுப்புகளே. நாம் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி நிகழ்ச்சிக்குச் செல்கிறது. மற்றொரு பகுதியைப் பூட்டுக்கும் அதன் காவலர்களுக்கும் நாமே கொடுக்கிறோம். இன்று கைப்பேசிச் செயலிகள், நாம் எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதையும் குறித்துவைத்துச் சரக்காக்குகின்றன. ஆன்டெனா நம் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

கிரிக்கெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் அவ்வாறு பகிரப்படும் ஒளிபரப்பு, தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ் சேவையிலும் மட்டுமே செல்லலாம். கேபிள் நிறுவனங்கள் வழியே செல்லக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் பொதுமக்களின் இந்த உரிமை, ஆன்டெனாவிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் உயிரோடு இருக்கிறது. அவற்றில் ஒன்றை மூடுவது உரிமையின் ஒரு வாசலை மூடுவதாகும்.

மூடப்பட்ட கோபுரங்கள்

மூடியும்விட்டார்கள். எல்லைப்புறம் போன்ற முக்கியத்துவம் வாய்ந்த இடங்களிலுள்ள ஏறத்தாழ 50 கோபுரங்களைத் தவிர்த்து, எஞ்சிய அனலாக் ஒளிபரப்புகள் அனைத்தும் 2022 மார்ச் 31க்குள் நிறுத்தப்படும் என்று பிரசார் பாரதி 2021இல் அறிவித்தது. காலாவதியான தொழில்நுட்பம், மின்செலவு, பார்ப்போர் இல்லாமை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன.

அனலாக் காலாவதியானது என்பதில் நமக்கு மறுப்பில்லை. அமெரிக்கா 2009இலும் பிரிட்டன் 2012இலும் அதைக் கைவிட்டன. ஆனால் அங்கெல்லாம் அதே கோபுரங்களில் டிஜிட்டல் ஒளிபரப்பு வந்து அமர்ந்தது. டிஜிட்டல் பெட்டி வாங்குவதற்காக அமெரிக்க அரசு, வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை வழங்கியது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்தில்கூட, வானிலிருந்து இலவசமாகப் பெறும் தொலைக்காட்சி ஓர் உரிமையாக மதிக்கப்பட்டது. இங்கோ, டிஜிட்டல் ஒரு சில நகரங்களோடு நின்றது. எஞ்சிய நாட்டில் பழையதை அணைத்தார்களேயன்றிப் புதியதை ஏற்றவில்லை. பார்ப்போர் இல்லை என்ற வாதமும் அத்தகையதே. ஒன்றிரண்டு அலைவரிசைகளை மட்டும் தந்து, விளம்பரமும் செய்யாமல், வெறிச்சோடச் செய்தபின் ஆளில்லை என்று கடையை மூடுவது, அரசுப் பள்ளிகளிலும் அரசுப் பேருந்துத் தடங்களிலும் நாம் ஏற்கெனவே கண்ட உத்திதான்.

ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பரில் தொடங்கப்பட்ட அச்சேவை கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் பயன்படுவது உண்மை. அதைக் காக்கவும் வேண்டும். ஆனால் அதில் தனியாருக்கான இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. 2019இலும் 2022இலும் பெரிய நிறுவனங்கள் தங்கள் இலவசப் பொழுதுபோக்கு அலைவரிசைகளை அதிலிருந்து விலக்கிக்கொண்டதை மறக்க இயலாது. ஏலத்தொகை ஆள்கின்ற மேடையில், இந்தி அல்லாத மொழிகளுக்குக் கிடைக்கும் இடமும் மிகக் குறைவு. நாடு முழுமைக்கும் ஒரே பொழிவாக வரும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு, கேடா மாவட்டத்துக்கு ஒரு கோபுரம் பேசியதைப் போல ஒரு மாவட்டத்தோடு பேச முடியாது.

கருவியும் அதைக் கையாள்வோரும்

இன்னொரு கேள்வி நம் தோழர்களிடமிருந்தே எழும். அரசின் ஊதுகுழலாகிவிட்ட தூர்தர்ஷனுக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்? நியாயமான கேள்வி. மேலே பாராட்டிய 'சைட்' திட்டத்தின் ஓராண்டும் அவசரநிலைக் காலத்துக்குள் அடங்கியதுதான். அந்த அனுபவத்துக்குப் பின்னரே வர்கீஸ் குழு 1978இல் தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. அதற்கான பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. தன்னாட்சி இன்றளவும் ஏட்டளவிலேயே இருக்கிறது. ஆயினும், ஆசிரியர் சரியில்லை என்பதற்காகப் பள்ளிக் கட்டடத்தை இடிக்கச் சொல்ல மாட்டோம். நிகழ்ச்சியை மாற்றப் போராடலாம். கோபுரமே இல்லாமற் போனால் போராடுவதற்குக் களமும் இல்லாமற் போகும்.

எனவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. மூடப்பட்ட நிலையங்களின் நிலமும் கோபுரங்களும் தனியாரிடம் செல்லாமல், டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்குப் பயன்பட வேண்டும். அனலாக்கில் ஒரே அலைவரிசை சென்ற இடத்தில், டிஜிட்டலில் பத்துக்கும் மேற்பட்டவை செல்ல இயலும். அந்த இடத்தில் மாநில மொழிகளுக்கும், கல்விக்கும், சட்டமன்ற நிகழ்வுகளுக்கும், வேளாண்மைக்கும் உரிய பங்கு வேண்டும். விற்கப்படும் தொலைக்காட்சிப் பெட்டி ஒவ்வொன்றிலும் தரைவழி டிஜிட்டல் அலையை ஏற்கும் வசதி கட்டாயமாக்கப்பட வேண்டும். பழைய பெட்டி வைத்திருப்போருக்கு மானிய விலையில் ஏற்பி தரப்பட வேண்டும். கைப்பேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் தொழில்நுட்பம் இப்போது பரிசோதனையில் உள்ளது. அதுவும் பூட்டின்றி, பொது அமைப்பின் கையிலேயே இருத்தல் வேண்டும்.

நான் அந்த வீட்டைக் காலி செய்து வந்தபோது, கோழிவலை ஆன்டெனா மாடியில் அப்படியே நின்றது. பையன் அதற்குள் பக்கத்துச் சந்தில் மேலும் இரண்டு வீடுகளுக்கு அதே அளவில் செய்து கொடுத்திருந்தான். அவனுடைய பெற்றோரின் சொந்த ஊருக்கும் ஒன்று செய்து அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டான். தர்பங்கா அந்தப் பதினாறு நகரங்களின் பட்டியலில் இல்லை. செய்யலாம், ஆனால் அங்கே அதில் ஒன்றும் வராது என்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. "ஏன் வராது?" என்றான். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாடாளுமன்றத்திலும் அமைச்சகத்திலும் இருக்கிறார்கள். அதை அவர்கள் காதில் விழும்படி கேட்பது நம் பொறுப்பு.