ஒருசந்தி யாருடையது?

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பெற்றுக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வருகிறோம். படி இறங்கும் முன்பே விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. "இந்த வருஷம் நீங்க என்ன விடுறீங்க?" ஒருவர் இறைச்சி என்கிறார், ஒருவர் தேநீர் என்கிறார், ஓர் இளைஞர் கைப்பேசியில் படம் பார்ப்பதை விடுவதாகச் சொல்கிறார். சீரகச் சம்பா பிரியாணியால் பெயர் பெற்ற திண்டுக்கல்லில் நாற்பது நாள் இறைச்சியைத் தொடாதிருப்பது எளிய காரியமன்று. அதை நாம் குறைத்து மதிப்பிடவும் இல்லை.

நம் பாட்டனார் காலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் வழங்கின. நாளில் ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பது ஒருசந்தி. புலால் நீக்கி உண்பது சுத்தபோசனம். இச்சொற்கள் இன்று முதியோர் வாயில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவை இருந்த இடத்தில் இரண்டு கருத்துகள் வந்து அமர்ந்துவிட்டன. எதையும் விட வேண்டியதில்லை, நாலு பேருக்கு நல்லது செய்தால் போதும் என்பது ஒன்று. விட்டாயிற்று, ஆகவே என் கடமை தீர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே நம்மை ஏமாற்றுகின்றன என்பது நம் துணிபு.

முதற் கருத்தைக் கூறுவோர் படித்தவர்கள். நாம் ஆட்டிறைச்சி உண்ணாததால் ஆண்டவருக்கு என்ன ஆதாயம் என்று கேட்கிறார்கள். 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு பற்றிய பழைய ஒழுங்குகளைத் தளர்த்தியதைச் சான்று காட்டுகிறார்கள். அவர் தளர்த்தியது உண்மை. ஆனால், எல்லாரும் தவம் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பதை அந்த ஆவணம் தளர்த்தவில்லை, மாறாக, வலியுறுத்தியது. தத்தம் நாட்டு நிலைமைக்கேற்பப் புலால் தவிர்ப்புக்குப் பதிலாகச் செபத்தையும் பிறரன்புச் செயலையும் வைக்க ஆயர்களுக்கு இடம் தந்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளையும் தவ நாள்களாகவே வைத்திருக்கிறது. பதிலாக ஒன்றைச் செய்யலாம் என்று சொன்னதை, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நாம் படித்துக்கொண்டோம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நல்லது செய்வதற்கும் பொருள் வேண்டும், நேரம் வேண்டும். தன் வசதியில் ஒன்றையும் குறைத்துக்கொள்ளாதவர் அவற்றை எங்கிருந்து எடுப்பார்? மிச்சத்திலிருந்துதான் எடுப்பார். மிச்சமோ ஆசை வளர வளரச் சுருங்கிக்கொண்டே போகும். இதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் உண்டு. ஒருசந்தி என்பது உலகத்திலிருந்து மறைந்துபோவதே இல்லை. இருக்க வேண்டியவர் இருக்க மறுத்தால், அது வேறொருவர் தலையில் போய் ஏறிவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டாம். நம் ஊரின் தோல் பதனிடும் தொழிலை எண்ணிப் பாருங்கள். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். பிறகு அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் இறங்குகிறது. சுண்ணாம்பும் வேதிப்பொருள்களும் அதனுடன் சேர்கின்றன. நீரில் கரைந்த உப்பு மட்கி அழிவதில்லை. மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. கழிவைச் சுத்தம் செய்யப் பணம் செலவாகும், ஆதாயம் குறையும். அந்தக் குறைவை ஏற்க மனமில்லாதபோது, குறைவு நிலத்தடியே பயணம் செய்து அடுத்தவர் தோட்டத்தில் தலையெடுத்தது. குடிநீருக்குக் குடம் தூக்கி நடந்த பெண்கள் இருந்தது யாருடைய ஒருசந்தி? அவர்கள் அதை நேர்ந்துகொள்ளவில்லை. எந்தச் சாம்பலும் அவர்கள் நெற்றியில் அதற்காக இடப்படவில்லை.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று வழங்கிய நம் மாவட்டத்துத் தோல் ஆலைகளும் அத்தீர்ப்பில் அடங்கின. ஐந்து மாவட்டங்களின் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது நீதிமன்றம். இழப்பைக் கணித்து, மாசுபடுத்தியவரிடமிருந்தே ஈடு பெற ஓர் ஆணையம் அமைக்கும்படி மத்திய அரசுக்கு ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தர வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்பதை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. நீதிபதிகள் அதைச் சட்ட மொழியில் சொன்னார்கள். நாமோ பாவசங்கீர்த்தனத்தில் அதைப் பரிகாரம் என்று சிறு வயது முதலே கற்றிருக்கிறோம். கற்றவர்கள் முந்திக்கொள்ளவில்லை என்பதுதான் நமக்கு வெட்கம். அத்தொழிலால் வாழ்ந்தவரும் அதனால் கிணறு இழந்தவரும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டிருக்கக் கூடும். இருவரும் அவ்வாண்டும் இறைச்சியை விட்டிருக்கவும் கூடும்.

இனி இரண்டாவது கருத்துக்கு வருவோம். விட்டாயிற்று, கடமை தீர்ந்தது என்பவர்கள் பெரும்பாலும் நம்மைப்போன்ற எளியவர்கள். இவர்களுள் குடியை விடுவோரைப் பற்றி முதலில் பேச வேண்டும். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனமே கையில் எடுத்தது. அதே நவம்பரின் 10ஆம் நாள்தான் திருச்சி மறைமாவட்டத்தினின்று திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்து உருவானது. மறைமாவட்டமும் அரசு மதுக்கடையும் ஒரே மாதத்தில் பிறந்து, ஒரே சமவெளியில், ஒரே குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்திருக்கின்றன.

தவக்காலம் முழுவதும் கடைப்பக்கமே போகாத ஆண்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அந்த நாற்பது நாளைக் கேலி செய்வோருடன் நாம் சேரமாட்டோம். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். "தவக்காலத்துலதான் சாமி நாங்க நிம்மதியாத் தூங்குறோம்" என்பார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அந்த மாதத்தில்தான் கட்டப்படுகிறது. அப்படியானால் எஞ்சிய நாள்களில் அந்த வீட்டில் நோன்பு காத்தது யார்? பட்டினியையும் விழிப்பையும் ஏற்றது மனைவியும் மக்களும் அல்லவா? உயிர்ப்புப் பெருவிழா இரவில் மீண்டும் புட்டி திறக்கும்போது, கணவர் தம் ஒருசந்தியை முடித்துக்கொள்ளவில்லை. அதை மனைவியின் கையில் திரும்பக் கொடுக்கிறார். நாற்பது நாள் முடிந்தது என்றால் நாற்பத்தொன்றாம் நாளும் முடியும் என்பதற்கு அவரே சாட்சி. நோன்பு கொண்டாட்டத்தில் முடியலாம், விடுதலை முடியலாகாது.

இறைச்சியை விடுவோருக்கும் ஒரு கணக்கு உண்டு. வாரம் ஒரு கிலோ வாங்கும் குடும்பத்துக்குத் தவக்காலத்தின் ஆறு ஞாயிறுகளில் ஆறு கிலோ மிஞ்சும். கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 4,800 ரூபாய். அத்தொகை எங்கே போயிற்று? பெருவிழாவன்று இரு மடங்கு வாங்கவும் புதுத்துணிக்கும் போயிற்று என்றால், நாம் செய்தது சிக்கனம், சீட்டுக் கட்டுவதைப் போன்றது. ஏழைக்குச் சேராத நோன்பு அது. 1958ஆம் ஆண்டு கர்தினால் பிரிங்ஸ் விடுத்த அழைப்பை ஏற்று ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள் தவக்காலச் சேமிப்பை உலகின் பசிக்கும் நோய்க்கும் எதிராகத் திரட்டினார்கள். மிசரியோர் என்ற அந்த அமைப்பின் உதவி இந்தியாவுக்கும் வந்தது. போரில் நொறுங்கி எழுந்து பதின்மூன்றே ஆண்டுகள் ஆன மக்கள் அவர்கள். முன்பின் அறியாதவர் மிச்சம் பிடித்ததைப் பெற்ற நாடு நம்முடையது. நம் பங்குகளில் தவக்கால உண்டியல் பெட்டி வருகிறதே, அதில் நாம் போடுவது சில்லறையா, விட்டதன் விலையா?

மற்றவர்க்காக விடுவது எப்படி என்பதற்கு அண்டை ஊரான மதுரையே சாட்சி. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் அங்கேதான் மேலாடையை நீக்கி முழங்கால் அளவு துணிக்கு மாறினார். அந்நியத் துணியை விட்டுக் கதர் வாங்க வசதியில்லை என்று ஏழைகள் சொன்ன நிலையில், அவர்களுக்கு இல்லாததைத் தாமும் விட்டார். அவர் விட்டதும் பிறரின் குறையும் ஒன்றாக இருந்தன. பிறகு அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நோன்பைப் பசித்தவர்மேல் சுமத்தக் கூடாது. விடியுமுன் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகும் பெண்ணுக்கும், வெயிலில் கல்லுடைப்பவருக்கும் நாம் தவம் கற்பிக்க வேண்டியதில்லை. நோன்புச் சட்டமே 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரை மட்டுமே கட்டுகிறது. புலால் தவிர்ப்பு 14 வயது நிறைந்தவர்க்கு. ஐயாவுக்குச் சுத்தபோசனமும் பிள்ளைகளுக்குக் குழம்புமாக இரண்டு உலை வைத்துவிட்டு, கடைசியில் எஞ்சியதை உண்ணும் இல்லத்தரசியின் நோன்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது. இவ்வாண்டு ஐயா விட வேண்டியது, பரிமாறப்படும்வரை காத்திருக்கும் பழக்கமாகவும் இருக்கலாம்.

நோன்பு நாளிலும் வேலையாள்களை ஒடுக்கியவர்களை எசாயா இறைவாக்கினர் கடிந்துகொண்டார். அன்று அவர்களும் தலைகுனிந்து சாம்பலில் அமர்ந்தவர்களே. ஆகவே, வரும் தவக்காலத்தில் என்ன விடுகிறீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், இன்னொன்றையும் கேட்போம். நீங்கள் விடுவது யார் கையில் போய்ச் சேருகிறது? நாம் தர வேண்டிய கூலி பெருவிழாவுக்கு முன் தரப்பட்டதா? நம் வீட்டுக் கழிவுநீர் யார் வாசலில் நிற்கிறது? நாம் குடியாத மதுவின் விலை பிள்ளையின் பெயரில் வங்கியில் இருக்கிறதா?

இவற்றுக்கு விடை சொல்ல முடிந்தவர் உயிர்ப்பு ஞாயிறன்று பிரியாணி சமைக்கட்டும். நாமும் மகிழ்ந்து உண்போம். அந்த அடுப்பில் அண்டை வீட்டுக்கும் ஒரு பங்கு வெந்துகொண்டிருக்கட்டும்.