இரண்டாம் பாலில் ஏறும் எஞ்சின்

தேங்காய்ப்பூவை ஒரு தரம் பிழிந்து முதற்பாலை எடுத்ததும் சக்கையை வீசிவிடுவீர்களா? தண்ணீர் விட்டு இன்னொரு தரம் பிழிவீர்கள் அல்லவா? நூறு வருடங்களுக்கு மேலாக இந்தக் கணக்கிலேயே மலையேறி வரும் எஞ்சின் ஒன்றைப் பற்றித்தான் இம்மாதம் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரிப் புகையிரதப் பாதையின் நீளம் 46 கிலோமீற்றர். குன்னூர் வரை 1899இலும், ஊட்டி வரை 1908இலும் திறக்கப்பட்டது. நமது மலைநாட்டுப் பாதை மிகச் சரிவான இடத்தில் 44 அடிக்கு ஓர் அடி உயரும். அங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் சுமார் 12 அடிக்கே ஓர் அடி! வெறும் சில்லு வழுக்கிவிடும். ஆகவே தண்டவாளங்களின் நடுவே பல்வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சில்லு அதைக் கவ்விக் கவ்வி ஏறும்.

இவை 'எக்ஸ்' வகுப்பு எஞ்சின்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும், 1952இல் ஐந்தும் செய்யப்பட்டன. தண்ணீர்த் தாங்கியைப் பின்னால் தனி வண்டியில் இழுக்காமல் தன் உடம்பிலேயே சுமக்கும் இனம்.

விஷயம் உருளைகளில்தான் இருக்கிறது. கொதிகலனிலிருந்து வரும் புது ஆவி கீழுள்ள இரு உருளைகளில் புகுந்து சாதாரணச் சில்லுகளை ஓட்டும். அந்த வேலை முடிந்தும் அதில் பலம் மீதியிருக்கும். அதை வெளியே விடாமல் மேலுள்ள இரு உருளைகளுக்கு அனுப்பிப் பற்சில்லைச் சுழற்றுகிறார்கள். இரண்டாம் பால்! ஏற்றமில்லாத இடத்தில் மேல் உருளைகளுக்கு ஓய்வு.

இன்னொன்று, இது பெட்டிகளை இழுப்பதில்லை; பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்துக்கு ஓடாமல் கீழே நின்று தாங்கும். ஆனால் சாரதிக்கு முன்னாலுள்ள பாதை தெரியாதே! முதற்பெட்டியின் முகப்பில் நிற்பவர் காட்டும் கொடிதான் அவருக்குக் கண். பெட்டிக்கொரு பிரேக்காளர் வேறு. இத்தனை பேருடைய கவனத்தின் மேல்தான் பயணிகள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது வேறு. பழைய எஞ்சின்கள் தேய்ந்துபோக, திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையினர் 2011இல் இதே வகையைத் தாங்களே புதிதாகக் கட்டி ஓடவிட்டார்கள்.

அந்தப் பக்கம் போகக் கிடைத்தால் குன்னூரில் இறங்கிப் பிள்ளைகளுக்கு அந்த உருளைகளைக் காட்டுங்கள். மேலே இருப்பதுதான் இரண்டாம் பால்.