மண்டை ஓட்டைத் தாண்டும் வெளிச்சம்

கரண்ட் போன நேரத்தில் டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடி, "அம்மா, என் கை சிவப்பா தெரியுது பார்!" என்று குழந்தைகள் காட்டும், பார்த்திருப்பீர்கள். மற்ற நிறங்களைப் பெரும்பாலும் ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பித்து வருகிறது. சிவப்புக்கு அடுத்தபடியாக, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் ஒளி இருக்கிறது. டி.வி. ரிமோட்டில் வருகிறதே, அந்த வகை. அது இன்னும் ஆழமாகப் போகும். எலும்பைக்கூடத் தாண்டும்!

இதைக் கண்டு சொன்னவர் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். வீட்டில் ஒரு மாட்டுத் தோள்பட்டை எலும்பின் வழியே செந்நிற ஒளி ஊடுருவியதைக் கவனித்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். எலும்பில் நுழையுமானால் மண்டை ஓட்டில் நுழையாதா? 1977-ல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. சாப்பாட்டு மேஜை எலும்பைப் பார்த்து நாமும்தான் எதையெதையோ யோசிக்கிறோம்!

விஷயம் இதுதான். பிராணவாயு நிறைந்த ரத்தமும் அது குறைந்த ரத்தமும் இந்த ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. நெற்றியில் ஒட்டிய சின்னப் பட்டையிலிருந்து ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளந்தால், மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் பிராணவாயு எந்த அளவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே, அந்தக் கருவிக்கு இது ஒன்றுவிட்ட தங்கை.

இதனால் அதிகம் பயன் யாருக்கு? குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு. அவர்களுடைய மூளை ரத்தக் குழாய்கள் மிக மென்மையானவை. ரத்த ஓட்டம் குறைந்தாலும் ஆபத்து, திடீரென்று கூடினாலும் கசிவு ஏற்படலாம். "எனக்குத் தலை சுத்துது" என்று சொல்லவா தெரியும் அந்தப் பிஞ்சுக்கு? மண்டை ஓடு மெல்லியதாக இருப்பதால் ஒளி சுலபமாக உள்ளே போகிறது. 1985-லேயே டியூக்கில் குறைமாதக் குழந்தைகளிடம் இதைப் பயன்படுத்தியதை எழுதிவிட்டார்கள்.

பெரியவர்களுக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே எட்டாது. பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் ஸ்கேன்தான். அதற்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உங்கள் குழந்தை இன்குபேட்டரில் இருந்து, நெற்றியில் இப்படிப் பட்டை ஒட்டியிருந்தால் பதறாதீர்கள். இது எக்ஸ்ரே இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் பிஞ்சுத் தோலில் அழுத்தத் தடம் விழலாம், ஆகவே இடம் மாற்றி ஒட்டுகிறார்களா என்று நர்ஸம்மாவிடம் தாராளமாகக் கேளுங்கள். எண் ஏறி இறங்குவதைப் பார்த்து நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். டாக்டர் அதை ரத்த அழுத்தம், ரத்தசோகை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்ப்பார்.