ஆயி செய்தது தியாகமல்ல

எங்கள் செல்லிப்பட்டுப் பிள்ளைகள் சிலரைப் புதுச்சேரி பாரதி பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். சங்கராபரணியின் குறுக்கே பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய எங்கள் ஊர்ப் படுகை அணை 2021 மழை வெள்ளத்தில் உடைந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள். தண்ணீருக்காக எழுப்பிய நினைவிடத்தையும் பார்க்கட்டுமே என்றுதான் ஆயி மண்டபத்தின் முன் நிறுத்தி, வழக்கமாகச் சொல்லப்படும் கதையைச் சொன்னேன்.

உழவர்கரை வழியே போன கிருஷ்ணதேவராயர் ஒரு மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்க உத்தரவிட்டாராம். ஆயி கெஞ்சிக் கேட்டு, தானே வீட்டை இடித்து அங்கே குளம் வெட்டினாராம். பிற்காலத்தில் முத்திரைப்பாளையத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபம் எழுந்தது. இன்று புதுச்சேரி அரசின் சின்னமே இதுதான்.

ஒரு சிறுமி கேட்டாள்: "ராசா தப்பா கும்பிட்டதுக்கு அவங்க ஏன் வீட்ட இடிக்கணும்?"

இது வரலாறா, கட்டுக்கதையா என்பதல்ல என் வழக்கு. இதை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதுதான். கும்பிட்டபோதும் இடிக்கச் சொன்னபோதும் வீடு அதே வீடு. இடையில் தெரியவந்தது உரிமையாளரின் பிறப்பு மட்டுமே. சாதி வேலை செய்வது இப்படித்தான். அந்தத் தண்டனைக்குத் 'தியாகம்' என்று பெயர் வைத்ததுதான் நம் மரபு.

ஒரு தாசிக்கு மண்டபமே கட்டியிருக்கிறார்களே என்பார்கள். சரி, மண் வெட்டியவர்களுக்கு? மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிட்ட நீர்க்கட்டிகள் தமிழகத்தின் பல ஊர்களில் தலித்துகள். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் அவர்களுடையதல்ல. ஊர்க் கிணற்றில் வாளி விடவும் உரிமையில்லை. குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது.

மண்டபத்தை இடிக்கச் சொல்லவில்லை. இடித்தது போதும். ஆயிக்கு நடந்தது அநீதி என்று அங்கே எழுதுங்கள். நாளை எங்கள் அணைக்குக் கல்வெட்டு வைத்தால், திறந்துவைத்தவர் பெயருக்கு மேலே மண் சுமந்தவர்களின் பெயர்களைப் பொறியுங்கள்.