அழிப்பதா? மறைப்பதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

நிரலில் இருவகை வரிகள் உண்டு. ஒன்று கணிப்பொறிக்கு இடும் கட்டளை. மற்றொன்று படிக்கும் மனிதருக்கான குறிப்பு. இக்குறிப்பையே 'கமெண்ட்' என்கிறோம். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் வரியின் முதற்கட்டத்தில் 'சி' என்ற எழுத்தை இட்டால் அவ்வரி குறிப்பாகிவிடும். டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி மொழியிலோ /* என்று தொடங்கி */ என்று முடிக்கிறோம்.

ஆனால் நடைமுறையில் நாம் செய்வதென்ன? வேண்டாத கட்டளைகளையும் இக்குறிகளுக்குள் அடைத்து வைக்கிறோம். பிழை தேடும்போது இது நல்ல வழியே. ஐயத்துக்குரிய வரிகளை மறைத்து ஓட்டிப் பார்த்தால், பிழை அங்கா, வேறிடத்திலா என்பது புலப்படும். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். சி மொழியில் குறிப்புக்குள் குறிப்பு செல்லாது. உள்ளே ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தால், அதன் முடிவுக்குறியோடு நம் மறைப்பும் முடிந்துவிடும். எனவே பெரும்பகுதியை மறைக்க, #இஃப் 0, #எண்டிஃப் ஆகிய இரண்டுக்குமிடையே வைப்பதே பாதுகாப்பு.

நான் மறுப்பது, வேலை முடிந்த பின்னும் அவற்றை அப்படியே விட்டுவைப்பதைத்தான். "பின்னால் உதவுமே!" என்பர் சிலர். பழைய வடிவங்களைக் காத்து வைப்பதற்கென்றே 'கிட்' என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கினார். அது இலவசமாகவே கிடைக்கிறது. அழித்ததை மீட்க வழியிருக்க, அழிக்க அஞ்சுவானேன்?

நாம் ஆய்வகத்தில் விட்டுச்செல்லும் நிரலை அடுத்த ஆண்டு ஒரு தம்பியோ தங்கையோ திறந்து பார்ப்பார். அவர்களில் பலர், என்னைப் போலவே, தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். ஐயம் எழுந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. திரையில் உள்ளதே அவர்களுக்கு ஆசான். மறைத்து வைத்த பத்து வரிகளைக் கண்டால், 'இது தவறா? தேவையா? அரைகுறை வேலையா?' என்று திகைப்பர். ஆசிரியரைக் கேட்கத் தயங்கி, அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வர். புரியாமல் பார்த்தெழுதுவது கல்வியாகுமா?

ஆகவே நண்பர்களே, சோதிக்கும்போது மறையுங்கள்; சோதனை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அம்முறையை ஏன் கைவிட்டீர்கள் என்பதை மட்டும் அவ்விடத்தில் ஒரு வரியில் எழுதி வையுங்கள். பின்னால் வருபவருக்கு நாம் தரவேண்டியது அந்த ஒரு வரியே!