வில்லோவா, ஆற்றுப்பாலையா?

கோவிலம்பாக்கத்தில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில் சென்ற மாதம் கூடி, தமிழில் வந்திருக்கும் சீனக் கவிதைகளை வாசித்தோம். பக்கத்துக்குப் பக்கம் 'வில்லோ மரம்'. அது எப்படியிருக்கும் என்று கேட்டவருக்கு எங்களில் எவராலும் பதில் சொல்ல இயலவில்லை.

வடகிழக்கு ஆசியாவின் ஆற்றங்கரைகளில் கிளை தாழ்ந்து நிற்கும் மரம் அது. சீன மொழியில் அதன் பெயர் 'லியு'. 'தங்கிவிடு' என்று பொருள்படும் சொல்லுக்கும் ஏறக்குறைய அதே ஒலிதான். ஆகவேதான் ஊர் விட்டுப் போகிறவருக்கு அதன் கிளையை ஒடித்துக் கொடுத்தார்கள். 'வில்லோ' என்னும் ஒலிபெயர்ப்பில் இவற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை. (பெயரிடுவதில் லின்னேயஸும் தடுமாறியவர்தான், அந்தச் சீன மரத்துக்குப் பாபிலோனின் பெயரைச் சூட்டினார். தமிழ் விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்திலோ பாபிலோன் ஆற்றங்கரை மரம் அலரிச்செடி ஆகிவிட்டது!)

அதே பேரினத்தைச் சேர்ந்த மரமொன்று நம் மலையோடைக் கரைகளிலும் வளர்கிறது. ஆற்றுப்பாலை என்று பெயர். சங்க இலக்கியத்தின் வஞ்சி இதுவே என்பாரும் உண்டு. ஆனால் வஞ்சி என்றதும் படையெடுப்பும் சேரர் தலைநகரும் நினைவுக்கு வந்துவிடும். மெல்லிடைக் கொடி வேறு குறுக்கே நிற்கும். பிரிவுக் கவிதைக்கு அது பொருந்தாது. ஆற்றுப்பாலையில் ஆறும் இருக்கிறது, பிரிவுக்குரிய பாலையும் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று தாவரவியலார் கண்டிக்கக்கூடும். அவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு போதும். மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த பதிப்பிலாவது இதைப் பரிசீலிக்க வேண்டும்.